கூண்டில் குடியேறிய இறால்கள்

தலைமை ஏற்று மேடையில் வீற்றிருக்கும் நம் கடல் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் அவர்களே, எனக்கு முன்னால் உருக்கமாகப் பேசி அமர்ந்திருக்கும் துறைமுகச் செயலாளர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும், மறைந்த நம் அம்மையாரின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, படகோட்டி அண்ணனே, டைவர் தம்பியே, அலுவலகத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் மாணவ மாணவியரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நிகழ்ச்சி நிரலில் எனக்கு ஐந்து நிமிடம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், அது போதாது. நின்ற இடத்திலேயே நின்று பேசவும் என்னால் ஆகாது. தம்பி, இந்த மைக்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுங்கள்... நன்றி. கொஞ்ச நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் பட்டறைக்குப் போகத் தோன்றுகிறது. பட்டறைக்குப் போனால், அம்மையார் வந்து உட்காரும் முக்காலி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மறுபடியும் வெளியே வந்துவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்ட முடிவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றப் போகிறோம். அம்மையாரின் படத்துக்குக் கீழே கல்லில் ஒரு வாக்கியத்தைச் செதுக்கி நம் நிலையத்தின் வாசலில் வைக்க வேண்டும் என்பது தீர்மானம். என்ன வாக்கியம்? "இந்தப் பாறை பேசுகிறது, இந்தக் கடல் நலமாக இருக்கிறது." மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அறிக்கையில் அவர் எழுதிய வாக்கியம். செயலாளர் அவர்கள் சற்று முன் அதை இரண்டு முறை சொல்லிப் பாராட்டினார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்.

பொறுங்கள், பொறுங்கள். துக்கம் தலைக்கேறிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வாக்கியம் தவறு. அதைத் தவறு என்று கண்டுபிடித்தவர் யார்? வெளிநாட்டு நிபுணரா? எங்களைப் பிடிக்காதவர்களா? இல்லை! எழுதிய அம்மையாரேதான்! அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு கடிதம் எழுதி, அதில் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். இதோ, என் கையில் இருக்கிறது. அந்த அறிக்கையில் மூன்று பேர் ஒப்பமிட்டிருக்கிறோம்: அம்மையார், நான், இயக்குநர் ஐயா. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் அதைத் திரும்பப் பெறலாம் என்பது இங்குள்ள விதி. நாளை மறுநாள் துறைமுகத்தில் கப்பல் பாதையை அகலப்படுத்துவது பற்றி முடிவெடுக்கிறார்கள். அந்தக் கோப்பில் முதல் தாளே எங்கள் அறிக்கைதான். பக்கத்தில் இத்தனை ஆண்டாகக் கப்பல் போயும் பவளப் பாறைக்கு ஒரு கேடும் இல்லை, இன்னும் அகலமாகத் தோண்டினாலும் இராது என்று நம்ப வைக்கும் தாள் அது. பாறையில் மிச்சம் இருப்பது பிழைக்குமா பிழைக்காதா என்பது இந்தக் கடிதத்தில்தான் நிற்கிறது.

இனி அவரைப் பற்றிப் பேசுகிறேன். பேசினால்தான் கடிதம் உங்களுக்குப் புரியும்.

முனைவர், கடல் ஒலி ஆய்வுப் பிரிவின் தலைவர், பத்தொன்பது ஆண்டு அனுபவம் மிக்கவர் என்று இயக்குநர் ஐயா வரவேற்புரையில் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் இந்தக் கட்டடத்தில் அந்தப் பட்டத்தைச் சொல்லி அவரை யார் அழைத்தோம்? 'உஷ்ஷம்மா'! அதுதான் எங்கள் வாயில் அவர் பெயர். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வாயில் விரல் வைத்து "உஷ்!" என்று அடக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அமைச்சர் ஒருவர் பார்வையிட வந்தபோதும் "உஷ்!" என்றார். அமைச்சர் பேச்சை நிறுத்திவிட்டார். பேச்சை நிறுத்திய அமைச்சரை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

முதல் நாள் அவர் என் பட்டறைக்குள் நுழைந்தது நினைவிருக்கிறது. நான் இந்த நிலையத்தின் கருவிப் பொறியாளன். அரம் வைத்து ஒரு வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வணக்கம் சொல்வார் என்று நிமிர்ந்தால், "உஷ்!" என்கிறார். மேலே பார்க்கிறார்.

"சார், உங்க ஃபேன்ல பேரிங் போயிருச்சு."

"அது நல்லாத்தான் சுத்துது மேடம்."

"சுத்தும். வெள்ளிக்கிழமை வரைக்கும் சுத்தும்."

வியாழக்கிழமை மாலையே நின்றுவிட்டது! மறுநாள் வந்து, "ஒரு நாள் கணக்கு தப்பிப் போச்சு, கருவியார்" என்று வருத்தப்பட்டார். கருவியார் என்று எனக்குப் பெயர் வைத்தது அவர்தான். அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் என் சொந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை.

அவர் செய்த வேலை என்ன? மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் ஊமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடல் ஊமையா? ஒரு மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கிக் கேட்டுப் பாருங்கள்! மீன்கள் உறுமும், முனகும், தட்டும். பொழுது சாய்ந்தால் கூட்டம் கூட்டமாகச் சத்தம் போடும். எல்லாவற்றுக்கும் அடியில் விடாமல் ஒரு படபடப்பு கேட்கும். அது விரல் நீளம் உள்ள ஒரு இறால் செய்வது. நாம் விரலைச் சொடுக்குவதுபோல் அது தன் கொடுக்கைச் சொடுக்கும். அதனால் அதற்குச் சொடுக்கு இறால் என்று பெயர் வைத்துக்கொண்டோம். உயிருள்ள பாறையில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கும். பாறை செத்தால் மீனும் போகும், இறாலும் போகும், சத்தமும் போகும். தினமும் தண்ணீருக்குள் இறங்கி எண்ண வேண்டியதில்லை, காதால் கேட்டே கடலின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். நாடி பார்ப்பது போலத்தான்.

படகோட்டி அண்ணன் இங்கே இருக்கிறார். முதல் முறை படகில் போனபோது என்ன நடந்தது? அம்மையார் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கைபேசிகளை அணைக்கச் சொன்னார். அண்ணனுக்கு இருமல் வந்தது, அதையும் அடக்கச் சொன்னார்.

"என் படகுல நான் இருமக்கூடாதா? இது என்னம்மா நியாயம்?" என்றார் அண்ணன்.

அம்மையார் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினார். அண்ணன் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

"அடியாத்தி! யாரோ அடியில சோளம் பொரிக்கிறாங்கம்மா!"

"பொரிக்கிறது இல்லண்ணே. குடித்தனம் நடத்துறாங்க."

"நாப்பது வருஷமா இவங்க தலைக்கு மேலதான் போயிட்டு வந்துட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலியே எனக்கு!"

அன்றிலிருந்து அண்ணன் படகில் யார் ஏறினாலும், "உஷ்! கீழ ஆள் இருக்காங்க" என்றுதான் சொல்கிறார். அண்ணே, தலையைக் குனியாதீர்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அம்மையார் துறைமுகத்துக்குப் போய், பொழுது சாயும் வேளையில் ஒரு வாரம் மட்டும் கப்பல்களை மெதுவாக விடுங்கள் என்று கேட்டார். சிரிக்காமல் அந்த விண்ணப்பத்தை வாங்கி நிறைவேற்றித் தந்தவர் இதே செயலாளர்தான். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். அந்த ஏழு மாலைகளும் மீன்களின் சத்தம் முன்னைவிட நீளமாகக் கேட்டது. கப்பல் இரைச்சலில் தங்கள் குரலே தங்களுக்குக் கேட்காமல் வாயடைத்துப் போயிருந்தவை அவை. அம்மையார் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடினார். கேன்டீன்காரர் காதிலும் மாட்டிவிட்டார். அவர் "நல்லா இருக்கும்மா, டீ போடட்டுமா?" என்றார். அம்மையாருடைய அன்றைய சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

எவ்வளவு பெரிய மனுஷி! எவ்வளவு கூர்மையான காது! அந்தக் காதை ஏமாற்றியது யார் தெரியுமா? நான்தான்.

கொஞ்சம் தண்ணீர்... நன்றி.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு இரும்புக் கூண்டு செய்தேன். மூன்று கால், இடுப்பளவு உயரம், நடுவில் மைக்கும் பதிவுக் கருவியும். பாறையின் விளிம்பில் ஆறு ஆள் ஆழத்தில் இறக்கினோம். அதைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, சுரண்டக்கூடாது என்று சட்டம் போட்டேன். டைவர் தம்பி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இறங்குவார், மின்கலத்தையும் நினைவு அட்டையையும் மாற்றுவார், ஏறிவிடுவார். ஏன் இந்தக் கட்டுப்பாடு? கூண்டை அசைத்தால் கணக்கு மாறும். இந்த ஆண்டின் சத்தத்தைப் போன ஆண்டின் சத்தத்தோடு ஒப்பிட முடியாது. எங்கள் தொழிலில் அது தாலாட்டு மாதிரி, எல்லோரும் பாடுவோம்: தொடாதே, தொடாதே, தொடர்ச்சி கெடும். பதினோரு ஆண்டு ஒரு விரற்கடை நகராத கருவி என்று நான் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா! "உங்க கூண்டுக்குப் பிறந்த நாள் எப்ப சார்?" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நான் தேதியைச் சொல்வேன்.

ஆறாவது ஆண்டில் டைவர் தம்பி ஏறி வந்து சொன்னார்.

"சார், உங்க கூண்டு இப்ப கூண்டு மாதிரியே இல்ல. அடுக்குமாடி வீடு மாதிரி ஆயிருச்சு. சிப்பி மேல சிப்பி, சந்து பொந்தெல்லாம் இறால். ஒரு தடவை சுரண்டிரலாமா?"

அம்மையார் என்னைப் பார்த்தார். "சுரண்டலாமே, கருவியார்?" என்றார். நான் என்ன சொன்னேன்? "இருக்கட்டும் மேடம், குடியிருந்துட்டுப் போகட்டும். கையை வெச்சா அஞ்சு வருஷம் பாழ்" என்றேன். கருவி விஷயத்தில் நான் சொன்னால் அவர் தட்டமாட்டார். தட்டவில்லை.

அன்றோடு கெட்டது, தோழர்களே. கூண்டின் மேல் குடியேறிய இறால்கள் மைக்குக்கு அரை கை தூரத்தில் உட்கார்ந்து சொடுக்கத் தொடங்கின. சத்தம் ஏறிக்கொண்டே போனது. நாங்கள் வரைபடத்தைப் பார்த்து மகிழ்ந்தோம். பாறை செழிக்கிறது! கடல் நலமாக இருக்கிறது! எட்டாவது ஆண்டு அறிக்கை எழுதினோம். பாறையைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு எங்கள் கூண்டையே கேட்டுக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு முட்டாள்தனத்தை வேறு யாரும் செய்ய முடியாது. எங்களைப் போல ஒழுங்காக வேலை செய்கிறவர்களால்தான் முடியும்!

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவருக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் பழைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் ஒரு மாலை வீதம் பதினோரு ஆண்டு மாலைகளையும் வரிசையாகக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"கருவியார், இறால் இருக்கு. மீன் எங்க?"

"மீன் வரும் போகும் மேடம்."

"அஞ்சாவது வருஷத்துல இருந்து குறையுது. ஏழாவது வருஷத்துல சுத்தமா இல்ல. இறால் மட்டும் எப்படி ஏறுது? வீட்ல விளக்கு எரியுது, ஆளைக் காணோமே!"

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கேட்டுவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டேன். அவர் விட்டாரா? சிறிய பதிவுக் கருவிகள் நான்கை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அண்ணன் படகில் போனார். கூண்டிலிருந்து ஐம்பதடி, இருநூறடி, ஐந்நூறடி என்று பாறையின் நடுவை நோக்கி மூன்றை வைத்தார். நான்காவதைக் கிழக்கு விளிம்பில், தொலைவில் வைத்தார். பத்து நாள் கழித்து என் பட்டறைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை என் தலையில் மாட்டினார்.

"இது கூண்டு" என்றார். சோளம் பொரிந்தது.

"இது அம்பதடி." மெலிந்திருந்தது.

"இது இருநூறடி."

"மேடம், ஒண்ணும் கேக்கலியே."

"ஐந்நூறடி."

தண்ணீர் அசைவும் எங்கோ ஒரு கப்பலும் கேட்டன. பாறையின் நடுவுக்குப் போகப் போகச் சத்தம் ஏற வேண்டும். அங்கேதான் ஊர் இருக்கிறது. இங்கே நேர்மாறாக இறங்குகிறது! எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் சொன்னதைக் கேளுங்கள். "கருவி பழுதா இருக்கும் மேடம்." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கருவிகளை இடம் மாற்றி வைத்து மறுபடியும் பதிவு செய்தார். அதே விடைதான். எனக்கு ஆத்திரம் வந்தது. "சரி, கூண்டைச் சுரண்டிப் பாருங்க! சுரண்டினா தெரிஞ்சிரும் யாரு சரின்னு!" என்று கத்தினேன். டைவர் தம்பி ஒரு காலைப் பொழுது முழுக்கச் சுரண்டினார். அடுத்த பதினைந்து நாள் பதிவில் கூண்டும் ஐந்நூறடிக் கருவியும் ஒன்றுபோல இருந்தன. பாறை எப்போதோ அடங்கிப் போயிருக்கிறது. நாம் அதற்கு நலம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறோம்.

அன்று நான் இறால்களைத் திட்டினேன். அவருக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"அதுங்களை ஏன் திட்டறீங்க? ஊரே காலியானப்ப கிடைச்ச இடத்துல ஒண்டிக்கிச்சுங்க. அதுங்க பொய் சொல்லல, கருவியார். நாமதான் ஊரைக் கேக்காம ஒரே ஒரு வீட்டைக் கேட்டோம்."

கிழக்கு விளிம்பின் நான்காவது கருவி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதில் ஒரு மாலை, ஒரு மீன், ஏழு முறை உறுமியிருக்கிறது. பாறையில் மிச்சம் இருப்பது அதுதான். அகலப்படுத்தும் பாதை எந்தப் பக்கம் வருகிறது? கிழக்கு விளிம்பில்! அதனால்தான் அவர் மறுநாளே கடிதம் எழுதினார்.

கடிதம் என் மேசைக்கு வந்து இன்றோடு இருபத்தாறு நாள். பதினேழாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவர் அலுவலகப் படியில் சரிந்தார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். பத்தொன்பதாம் நாள் போய்விட்டார். அந்தப் பதினேழு நாளும் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன்? நேரம் இல்லையா? பேனா இல்லையா? இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைப்பதாக இல்லை.

"மேடம், பதினோரு வருஷம்! ஒரு கையெழுத்துல தூக்கிப் போடச் சொல்றீங்களா?" என்றேன்.

"தூக்கிப் போடச் சொல்லல. சரியாப் படிக்கச் சொல்றேன்."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. சிரிச்சு முடிச்சுட்டுப் படிப்பாங்க."

"அந்த வாக்கியத்தை எழுதினது நீங்கதானே?"

"ஆமா. அதான் முதல் கையெழுத்தை நான் போட்டிருக்கேன்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கண்ணில் பட்டால் வேறு பக்கம் பார்த்தேன். பத்தொன்பது ஆண்டுப் பழக்கத்தில், அவர் உயிரோடு இருந்த கடைசி நாட்களில், நான் அந்த அம்மாளுக்கு ஒரு வணக்கம் சொல்லவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் இன்னும் வெட்கம்.

அவர் மறைந்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மையாரின் கணவர் தையற்கடை வைத்திருக்கிறார், உங்களுக்குத் தெரியும். கீழே கடை, மேலே வீடு. கடையைத் திறக்கவில்லை. ஆனால் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. அவர் சொன்னார்:

"சார், உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவா. அந்தக் கடுதாசி எழுதின அன்னைக்குக் கூடச் சொன்னா. 'கருவியார் முதல்ல தையா தக்கான்னு குதிப்பாரு. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு. மூணாம் நாள் வந்து பேனா கேப்பாரு பாருங்க'ன்னு சிரிச்சா."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "கேட்டீங்கதானே சார்?" என்றார்.

சபையோரே, நான் என்ன பதில் சொல்வேன்? குத்திக் காட்ட அவர் கேட்கவில்லை. மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். ஐயா, அன்று சொல்லாததை இன்று இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். கேட்கவில்லை. மூன்றாம் நாள் வந்தது, பத்தாம் நாள் வந்தது, பதினேழாம் நாளும் வந்தது. நான் கேட்கவில்லை. என் மேல் உங்கள் மனைவி வைத்த கணக்குத் தப்பிவிட்டது. தப்ப வைத்தவன் நான். என்னை மன்னியுங்கள்.

இன்று காலை எட்டரை மணிக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

தயவுசெய்து கைதட்டாதீர்கள்! இதற்கா கைதட்டுவது? காலம் கடந்து கடையைத் திறந்தவனுக்கு மாலை போடுவார்களா?

இன்னும் ஒன்றைச் சொல்கிறேன். இந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றால் உஷ்ஷம்மாவின் புகழ் குறைந்துவிடும் என்று சிலர் வராந்தாவில் முணுமுணுப்பது என் காதில் விழுந்தது. குறையுமா? தவறே செய்யாத விஞ்ஞானி என்று யாராவது இருந்தால் அவரை எனக்குக் காட்டுங்கள். தன் பெயருக்குப் புகழ் தேடித் தந்த வாக்கியத்தைத் தானே பிடித்து, தானே உரித்து, தானே அடித்துவிடத் துணிந்தவர் எத்தனை பேர்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற உலகத்தில், சோற்றைக் கிளறிப் பூசணிக்காயை வெளியே எடுத்து வைத்தாரே, அதுவல்லவா அவர் புகழ்! அந்தப் பொய்யைக் கல்லில் வெட்டி, அதற்கு மேல் அவர் படத்தை மாட்டினால், அது மரியாதையா? அவரை அவர் வாயாலேயே பொய் சொல்ல வைப்பதல்லவா? உயிரோடு இருந்தால் விரலை வாயில் வைத்து நம் எல்லோரையும் அடக்கியிருப்பார். இல்லாதவரின் வாயில் நாம் வாக்கியத்தைத் திணிக்கிறோம்.

செயலாளர் அவர்களே, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாங்கள் கொடுத்த தாளை நீங்கள் நம்பினீர்கள். ஏழு மாலைகள் கப்பலை மெதுவாக விட்ட அதே மனிதர்தான் நீங்கள். சரியான தாள் கைக்கு வந்தால் சரியாகத்தான் பார்ப்பீர்கள். ஆனால் அந்தத் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும், நாளை மாலைக்குள் வர வேண்டும்.

மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு உறுதி சொல்கிறேன். என் கூண்டை அடுத்த வாரம் ஏற்றிவிடுகிறோம். இனி ஒரே இடத்தில் ஒரே கருவி கிடையாது. பாறை முழுவதும் பன்னிரண்டு சிறிய கருவிகள் வைப்போம். பருவத்துக்கு ஒரு முறை ஏற்றுவோம், சுரண்டுவோம், இடம் மாற்றுவோம். கடலைச் சந்தேகப்படும் முன் எங்கள் கருவியைச் சந்தேகப்படுவோம். என் கருவி சரியில்லை என்று உங்களில் யார் வந்து சொன்னாலும், நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். குதித்தாலும் குதிப்பேன், அது பிறவிக்குணம். ஆனால் குதித்துக்கொண்டே கேட்பேன். கிழக்கு விளிம்பில் அந்த ஒற்றை மீனுக்கு இன்னொரு மீன் பதில் சொல்கிற மாலை வரும்வரை உஷ்ஷம்மாவின் வேலையை விட மாட்டோம். இது அவர் படத்தின் முன் நான் செய்யும் சத்தியம்.

முடிக்கிறேன். இயக்குநர் ஐயா கடிகாரத்தை மூன்றாவது முறை பார்த்துவிட்டார்.

ஐயா, நீங்கள் நல்லவர். உங்களைக் குறை சொல்ல நான் யார்? அம்மையார் கடிதத்தோடு உங்கள் அறைக்கு வந்தபோது நீங்கள் மறுக்கவில்லை. "கருவியார் போட்டா நானும் போட்டுடறேன்" என்றுதான் சொன்னீர்கள். அதை அவர் என்னிடம் சொன்னார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள், நான் மௌனத்தைக் காட்டினேன். இருவருக்கும் நடுவில் அவர் பதினேழு நாள் படி ஏறி இறங்கினார். இப்போது கருவியார் போட்டாயிற்று ஐயா. கடிதத்தை இதோ உங்கள் முன் வைக்கிறேன். பேனாவும் வைத்திருக்கிறேன். மூடி கழற்றித்தான் இருக்கிறது.

அடுத்து ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று நிரலில் போட்டிருக்கிறது. அன்பர்களே, எல்லோரும் எழுந்து நிற்போம். மேடையில் இருப்பவர்களும் எழுந்து நிற்கட்டும். இயக்குநர் ஐயா மட்டும் உட்கார்ந்தே இருக்கலாம். உட்கார்ந்தால்தான் எழுத வசதி.